விஞ்சும் சொற்களும் மீறும் சொற்களும்

கல்வெட்டும் செப்பேடும் அரசர்தம் வெற்றியையும் கொடையையும் நமக்கு உரைக்கின்றன. அவை உரையாது விட்ட குடிமக்கள் வாழ்வைச் சொற்கள் உரைக்கின்றன. ஒருவரை ஒருவர் முந்துதலும், ஒன்று மற்றொன்றின் அளவைக் கடத்தலும் மாந்தர் வாழ்வில் என்றும் உள்ளவை. ஆங்கில மொழியில் இக்கருத்தைக் குறிக்கும் சொற்கள் மிகப் பல. பிறந்த மண்ணை விட்டு வந்து, பிழைப்பின் பொருட்டு நாள்தோறும் ஆங்கிலத்தில் கோப்பு எழுதும் நாம், அச்சொற்கள் வந்த வழியை அறிந்துகொள்வது இன்பமும் பயனும் தருவதாகும்.

ஆங்கிலத்தின் பழைய குடிச்சொற்கள் எளியவை. ‘மேல்’ எனப் பொருள்படும் ‘ஓவர்’, ‘வெளியே’ எனப் பொருள்படும் ‘அவுட்’ ஆகிய இரண்டும் அம்மொழிக்கே உரியவை. ‘ஓவர்கம்’ என்னும் வினை நார்மானியர் வருகைக்கு முன்பே வழங்கியது. ஒருவன் மேல் வந்து அவனை வெல்லுதல் என்பது அதன் பொருள்.

1066ஆம் ஆண்டு ஹேஸ்டிங்ஸ் போரில் நார்மானிய வில்லியம் வெற்றி பெற்றான். அரசவையிலும் வழக்காடு மன்றத்திலும் பிரெஞ்சு மொழி அமர்ந்தது. திருச்சபையிலும் கல்விக்கூடத்திலும் இலத்தீன் ஓங்கியிருந்தது. ஆங்கிலமோ உழவர் வீட்டிலும் சந்தையிலும் தங்கியது. இன்று உலகெங்கும் பரவியுள்ள அம்மொழி, தன் சொந்த நாட்டிலேயே பிறிதொரு மொழியின் நிழலில் வாழ்ந்த காலம் அது.

அக்காலத்திலும் அதன் பின்னரும் பிரெஞ்சு வழியாகவும் இலத்தீனிலிருந்து நேராகவும் வந்த சொற்கள் ஒவ்வொன்றும் ஓர் ஓவியத்தைத் தன்னுள் கொண்டுள்ளன. ‘எக்ஸீட்’ என்பதன் மூலம் ‘வெளியே செல்லுதல்’. எல்லைக்கோட்டைத் தாண்டிக் கால் வைப்பவன் உருவம் அதில் தெரிகிறது. ‘எக்செல்’ என்பதில் உயர்ந்து நிற்றல் என்னும் கருத்து உள்ளது. அயல்நாட்டுத் தூதரை ‘எக்செலன்சி’ என விளிப்பதும் அவ்வேரிலிருந்து வந்ததே. ‘சர்ப்பாஸ்’ என்பது பிரெஞ்சு மொழியில் ‘மேலாகக் கடந்து போதல்’. ‘டிரான்சென்ட்’ என்பது இலத்தீனில் ‘ஏறி அப்பால் செல்லுதல்’. ஒருவன் கோட்டைத் தாண்டுகிறான். ஒருவன் உயர்ந்து நிற்கிறான். ஒருவன் கடந்து போகிறான். ஒருவன் மலையேறி மறுபுறம் காண்கிறான். அகராதியில் அருகருகே நிற்கும் இந்நான்கும் ஒன்றல்ல என்பது இதனால் விளங்கும்.

ஆங்கிலம் மீண்டும் தலையெடுத்த வரலாறும் சுவையானது. 1362ஆம் ஆண்டு, மூன்றாம் எட்வர்டு ஆட்சியில், வழக்குகள் ஆங்கிலத்தில் வாதிடப்பெற வேண்டும் எனச் சட்டம் இயற்றினர். பிரெஞ்சு மொழி மக்களுக்கு விளங்கவில்லை என்பதே அதற்குக் கூறப்பெற்ற காரணம். அச்சட்டம் எழுதப்பெற்றதோ பிரெஞ்சு மொழியில்! அலுவலகப் பழக்கம் எளிதில் மாறாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் ‘அவுட்’ என்னும் பழைய குடிச்சொல் புத்துயிர் பெற்றது. எந்த வினையின் முன்னே அதனைச் சேர்த்தாலும், அவ்வினையில் பிறரை விஞ்சுதல் என்னும் பொருள் பிறந்தது. செயலில் விஞ்சினால் ‘அவுட்டூ’. பிறரினும் நெடுநாள் வாழ்ந்தால் ‘அவுட்லிவ்’. எண்ணிக்கையில் மிகுந்தால் ‘அவுட்நம்பர்’. ஓட்டத்தில் முந்துதலைக் குறிக்கும் ‘அவுட்ஸ்டிரிப்’ என்பதிலுள்ள பிற்பகுதி ஆடை களைதலைக் குறிப்பதன்று. விரைந்து செல்லுதலைக் குறித்த பழைய வினை ஒன்று அதில் உறைந்துள்ளது என்பர் அறிஞர். சேக்சுபியரோ ஒரு படி மேலே சென்றார். பழைய சமய நாடகங்களில் ஏரோது மன்னன் வேடத்தினர் மேடை அதிரக் கூச்சலிடுவர். அந்த ஏரோதையும் கூச்சலில் விஞ்சும் நடிகரை ஹேம்லட் இடித்துரைக்கும் இடத்தில், மன்னன் பெயரையே வினையாக்கி, அதன் முன் ‘அவுட்’ சேர்த்துப் புதுச்சொல் ஒன்றைப் படைத்தார். வந்த சொற்களை ஏற்ற மொழி, தன் சொந்த வேரையும் வாட விடவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

சீட்டாட்டத்தில் நாம் துருப்பு என்கிறோமே, அதனைக் குறிக்கும் ‘டிரம்ப்’ என்னும் ஆங்கிலச் சொல் ‘டிரையம்ப்’ என்பதன் திரிபு. வென்ற படைத்தலைவன் உரோம நகரில் தேரேறி வந்த வெற்றி உலாவே அதன் மூலம். பேரரசின் உலா, திண்ணைச் சீட்டாட்டத்தில் வந்து முடிந்தது!

இச்சொற்களுள் ‘எக்ஸீட்’ இருமுகம் உடையது. திறமை எதிர்பார்த்ததை விஞ்சினாலும் அச்சொல்லே. செலவு ஒப்பளிப்பை மீறினாலும் அச்சொல்லே. நம் அரசமைப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு மிகைச் செலவைப் பற்றிக் கூறுகிறது. ஒப்பளித்த தொகைக்கு மேல் ஒரு பணிக்குச் செலவாகிவிட்டால், அதற்கான மிகை மானியக் கோரிக்கை மக்களவையின் முன் வைக்கப்பெற வேண்டும். கணக்கில் மிகுதி என்பது பெருமை அன்று. விடை கூற வேண்டிய பொறுப்பு. ஓர் ஊழியர் தம் கடமைக்கு மேலாக உழைத்தார் என்பதற்கும், தம் அதிகாரத்தை மீறினார் என்பதற்கும் இடையே ஒரு குடும்பத்தின் வாழ்வே ஊசலாடக்கூடும். குறிப்பு எழுதுகின்ற கைக்கு இவ்வேறுபாடு தெரிந்திருத்தல் வேண்டும்.

தமிழில் இந்த இடர் குறைவு. விஞ்சுதல் வேறு, மீறுதல் வேறு. முந்துதல் ஓட்டத்திற்குரியது, கடத்தல் எல்லைக்கும் துன்பத்திற்கும் உரியது. வள்ளுவர் பொறையுடைமை அதிகாரத்தில், செருக்கின் மிகுதியால் தீங்கு செய்தாரைத் தம் பொறுமையால் வென்றுவிடுக என்கிறார். எல்லை மீறிய மிகுதியையும், அதனை விஞ்சி நிற்கும் பண்பையும் ஒரே குறளுள் எதிரெதிரே நிறுத்திக் காட்டிய திறம் வியத்தற்குரியது.

ஆயினும் நம் இல்லங்களில் வளரும் பிள்ளைகள், பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் பிறமொழியும் பேசுகின்றனர். ஓட்டப்பந்தயத்தில் தோற்று வந்த சிறுவன், ‘அவன் என்னை மீறிவிட்டான்’ என்கிறான். அவன் மேல் குற்றமில்லை. ‘முந்திவிட்டான்’ என்னும் சொல் அவன் செவியில் போதிய அளவு விழவில்லை. நாம் பேசாத சொல் அவனுக்கு எங்ஙனம் கிட்டும்?

ஆக்சுபோர்டு ஆங்கிலப் பேரகராதி 1884இல் பகுதி பகுதியாக வெளிவரத் தொடங்கி 1928இல் நிறைவுற்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924இல் வெளிவரத் தொடங்கி 1936இல் ஆறு தொகுதிகளாக முற்றியது. சொற்செல்வத்தைத் தொகுத்து வைக்கும் பணி நமக்கும் வாய்த்தது. ஆனால் அகராதியில் உறங்கும் சொல், வைப்பறையில் கிடக்கும் விதைநெல்லை ஒக்கும், விதைத்தாலன்றி முளைக்காது. பிரெஞ்சு ஆட்சியில் ஆங்கிலத்தைக் காத்தது பெரும்பாலும் எழுத்தறியாத தாய்மாரின் நாவே. அவர்கள் பிள்ளைகளோடு தம் மொழியில் பேசினர், அம்மொழி பிழைத்தது.

ஆங்கிலத்தைப் பகைக்க வேண்டுவதில்லை. அதனை நன்கு கற்று, அதில் சிறந்து விளங்குவோமாக. அதனோடு, இரவு உணவின்போதேனும் நம் பிள்ளைகளோடு நல்ல தமிழில் உரையாடுவோமாக. நம்மை விஞ்சி அவர்கள் வளர்க. அவ்வளர்ச்சியைச் சொல்லத் தமிழ்ச் சொல்லும் அவர்கள் நாவில் நிலைப்பதாகுக.