புலன்களும் வகுப்பறையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு மாணவன் கற்கவில்லையெனின் குறை அவனிடத்தேயே உள்ளதென முடிவு செய்வது கல்வியுலகின் நெடுங்கால வழக்கமாகும். அவன் அமர்ந்திருக்கும் வாங்கும், அவனைச் சூழ்ந்துள்ள ஒளியும் ஒலியும் அக்குறைக்குக் காரணமாகலாம் என்னும் எண்ணம் காலந்தாழ்த்தியே தோன்றியது. மாணவரின் புலன்களுக்கு இயைந்த கற்றலிடம் பற்றிய கருத்து கடந்த இருநூறாண்டுகளில் வளர்ந்தவாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

1800ஆம் ஆண்டிலே பிரான்சின் அவெரோன் பகுதியில், காட்டில் வாழ்ந்த சிறுவனொருவன் பிடிபட்டுப் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்டான். புகழ்பெற்ற மருத்துவரான பினெல் அவனைத் திருத்தவியலாதவன் எனக் கணித்தார். செவிப்புலனற்றோர் நிறுவனத்தின் இளம் மருத்துவரான இத்தார் இதனை ஏற்றாரல்லர். விக்டர் எனப் பெயரிடப்பட்ட அச்சிறுவன், அருகே கைத்துப்பாக்கி வெடித்தபோதும் பெரிதும் அசையாதிருந்தான். ஆயின் தான் விரும்பியுண்ணும் வால்நட் கொட்டை உடைபடும் மெல்லோசைக்கு உடனே திரும்பினான். செவி பழுதற்றிருந்தும் கவனம் வேறு வழிப்பட்டிருத்தல் கூடுமென இத்தார் உணர்ந்தார். அவர் பல ஆண்டுகள் முயன்றும் விக்டர் பேசக் கற்கவில்லை. எனினும் புலன்களின் வழியே கல்வியைத் தொடங்கும் நெறி அவரிடமிருந்து மாணாக்கரான செகானுக்குச் சென்றது. 1846இல் வெளியான செகானின் நூல் அந்நெறியை முறைப்படுத்தியது.

இவ்விருவரின் எழுத்துகளையும் ஆழ்ந்து கற்றவர் இத்தாலிய மருத்துவரான மரியா மொண்டிசோரி. உரோமில் அவர் பயிற்றிய மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் சிலர் ஏனைய பிள்ளைகளுக்குரிய பரீட்சையிற் சித்தியெய்தியபோது பலரும் வியந்தனர். அவரோ, நலமுடைய பிள்ளைகளை அத்துணைத் தாழ்ந்த நிலையில் நிறுத்தியது யாதென வினவினார். அவ்வினாவுக்குரிய விடையின் ஒரு பகுதியை அக்கால வகுப்பறையின் அசையா வாங்குகளிற் கண்டார். 1907 சனவரி 6ஆம் நாள் உரோமின் சான் லொரென்சோ என்னும் வறியோர் பகுதியில் அவர் திறந்த பிள்ளைகள் இல்லத்தில், பிள்ளைகளே தூக்கி நகர்த்தத்தக்க சிறு மேசைகளும் கதிரைகளும் இடம்பெற்றன. நிலத்தில் விரித்த சிறு விரிப்பே ஒரு பிள்ளையின் பணியிடமாயிற்று. பிறர் அதனுட் புகுவதில்லை. கருவிகளும் ஒவ்வொரு பண்பைத் தனித்துக் காட்டுமாறு அமைந்தன. பருமனை உணர்த்தும் கட்டைகள் யாவும் ஒரே நிறத்தனவாதல் இதனாலேயே. மௌனமும் அங்குத் தண்டனையாகவன்றிப் பிள்ளைகள் விரும்பிப் பயிலும் பயிற்சியாக விளங்கியது.

இரண்டாம் உலகப் போரின் பின் அமெரிக்காவில் இதற்கு மாறான போக்கொன்று எழுந்தது. ஸ்ட்ராஸ், லெக்டினென் ஆகியோர் 1947இல் வெளியிட்ட நூல், மூளைப் பாதிப்புற்ற பிள்ளைகளின் கவனம் சிதறாதிருக்க அலங்காரமற்ற சுவர்களையும் மறைக்கப்பட்ட யன்னல்களையும் பரிந்துரைத்தது; ஆசிரியை அணிகலன்களைத் தவிர்த்தலும் வேண்டப்பட்டது. குருக்‌ஷாங்க் 1961இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர் தனித்தனிச் சிற்றறைகளில் அமர்த்தப்பட்டனர். ஆயின் அவர்கள் கல்வித் தேர்ச்சியில் ஏனையோரை விஞ்சினரென அவ்வாய்வு நிறுவவில்லை. இப்போக்கின் குறை யாது? எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே அளவான வெறுமையை அது விதித்தது. இத்தார் கண்ட வேறுபாடு இங்கு மறக்கப்பட்டது எனலாம்.

அவ்வேறுபாட்டை மீண்டும் முதன்மைப்படுத்தியவர் ஜீன் அயர்ஸ். 1972இல் வெளியான அவரது நூல், புலனுணர்வுகளை ஒழுங்கமைக்கும் ஆற்றல் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடுமென விளக்கியது. மெல்லிய தொடுகையும் ஒருவனுக்குத் துன்பமாகலாம். மற்றொருவனோ அசைவின்றிக் கற்கவியலாதவன். அயர்சின் சிகிச்சைமுறையின் பயன் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் புலத்தூண்டல்களுக்கான மிகையான அல்லது குறைவான துலங்கலை, அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் ஓட்டிசத்தின் இயல்புகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டமை குறிப்பிடத்தக்கது.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றே. அமைதியான மூலையும் தனிச் சிற்றறையும் தோற்றத்தில் ஒத்திருப்பினும் தன்மையில் வேறானவை. முன்னையதற்குப் பிள்ளை தானே சென்று தானே மீள்கின்றான். பின்னையதில் அவன் வைக்கப்படுகின்றான். தெரிவு பிள்ளையின் கையில் இல்லாதவிடத்து, நல்லெண்ணத்தோடு அமைக்கப்பட்ட இடமும் சிறையாகிவிடும்.

மொண்டிசோரி 1944இல் இலங்கைக்கு வந்து பயிற்சி நெறியொன்றை நடத்தினார். இன்றும் இங்குப் பாலர் பள்ளியை அவர் பெயராலேயே அழைப்போர் பலர். ஆயின் முதலாந் தரத்திற்குச் செல்லும் பிள்ளை அச்சிறு விரிப்பைப் பின்னே விட்டு, இடைச்சுவரற்ற மண்டபத்தில் அயல் வகுப்பின் ஓசைக்கிடையே வாங்கில் அமர்வது இந்நாட்டில் அரிதன்று. ஒரு பாயும், கதவுக்கு அப்பாற்பட்ட ஒரு மூலையும், எழுந்து செல்ல ஆசிரியரின் இசைவும் பெருஞ்செலவை வேண்டுவன அல்ல. கைத்துப்பாக்கி ஓசைக்கு அசையாத சிறுவனைச் செவிடனென ஒதுக்குவதா, அவன் எவ்வோசைக்குத் திரும்புவான் எனத் தேடுவதா என்பதே இத்தார் காலம் முதல் ஆசிரியர்முன் நிற்கும் வினாவாகும்.