பறிக்கப்பட்ட நாட்காட்டி: அல்பேனியாவின் திருநாட்களும் திருச்சபையின் நினைவும்

அல்பேனியா நாட்டிற்கு இன்று செல்லும் வழிப்போக்கர் ஒருவர் அங்குக் காணக்கூடிய விழாக்கள் பல. மார்ச்சு 14ஆம் நாள் எல்பசான் நகரில் ‘கோடை நாள்’ கொண்டாடப்படுகிறது. பெயர் கோடையாயினும் அது இளவேனிலின் வரவையே குறிக்கும். பழைய ஜூலியன் நாட்காட்டியின்படி அந்நாள் மார்ச்சுத் திங்களின் முதல் நாளாகும். மக்காச்சோள மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் முட்டையும் சேர்த்துச் சுடும் ‘பல்லொகுமே’ என்னும் பணியாரம் அன்று எங்கும் காணப்படும். சிவப்பும் வெள்ளையுமான முறுக்கு நூலைக் கையில் கட்டிக்கொள்வர். மார்ச்சு 22ஆம் நாளில் பெக்தாஷி என்னும் இஸ்லாமிய மெய்ஞ்ஞான மரபினர் இமாம் அலியின் பிறந்தநாளாக நெவ்ரூஸைக் கொண்டாடுகின்றனர். ஜூன் 13இல் லாச் என்னும் ஊரின் குன்றின்மேல் புனித அந்தோனியார் திருநாள் நிகழ்கிறது. கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் ஒருங்கே அங்கு ஏறிச் செல்கின்றனர். ஆகஸ்டு 20 முதல் 25 வரை தொமோர் மலைக்குத் திரள்திரளாய் மக்கள் யாத்திரை போகின்றனர். கிறிஸ்து பிறப்பும், மேற்கத்திய, கிழக்கத்திய திருச்சபைகளின் உயிர்த்தெழுதல் திருநாட்கள் இரண்டும், இஸ்லாமியரின் இரு பெருநாட்களும் அந்நாட்டில் அரசு விடுமுறைகள்.

இவையாவும் தொன்றுதொட்டு இடையறாது நடந்துவருவன என்று வழிப்போக்கர் எண்ணுவது இயல்பே. ஆயினும் இவற்றுட் சமயத் திருநாட்கள் அனைத்தும் 1967ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ இருபத்துமூன்று ஆண்டுகள் அந்நாட்டில் தடைசெய்யப்பட்டிருந்தன. ஒரு திருநாளை அரசால் அழிக்க முடியுமா? அழிந்ததுபோல் தோன்றிய காலத்தில் அது எங்கே வாழ்ந்தது? மீண்டு வந்தபோது முழுமையாய் மீண்டதா? இவ்வினாக்களுக்கு அல்பேனிய வரலாறு தரும் விடை, திருச்சபை ஆண்டைக் கைக்கொள்ளும் நமக்கு நெருங்கிய தொடர்புடையதாகும்.

திருநாளும் தாய்மொழியும்

அல்பேனியர் பதினைந்தாம் நூற்றாண்டு முதல் 1912 வரை உதுமானியப் பேரரசின் கீழ் வாழ்ந்தவர்கள். அக்காலத்தில் பெரும்பான்மையோர் இஸ்லாத்தைத் தழுவினர். வடக்கே ஷ்கோதர் நகரைச் சூழ்ந்த பகுதிகளில் ரோமன் கத்தோலிக்கரும், தெற்கே ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினரும் நிலைத்திருந்தனர். மொழி ஒன்றாயினும் வழிபாட்டு மொழிகளோ இலத்தீன், கிரேக்கம், அரபி எனப் பலவாயின. நமக்குக் கிடைத்துள்ள முதல் அச்சிட்ட அல்பேனிய நூல், கியோன் புசுக்கு என்னும் குரு 1555இல் வெளியிட்ட திருப்பலி நூலே. அம்மொழியின் அச்சு வரலாறே திருநாட்களின் ஒழுங்கைக் கூறும் நூல் ஒன்றினால் தொடங்கிற்று என்பது கருதத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோன்ஸ்தாந்தின் கிறிஸ்தோஃபோரிதி பிரிட்டிஷ் வேதாகமச் சங்கத்தின் துணையோடு புதிய ஏற்பாட்டை அல்பேனியத்தில் மொழிபெயர்த்தார். வடபகுதியின் கேக் வழக்கில் அது 1872இலும், தென்பகுதியின் தோஸ்க் வழக்கில் 1879இலும் வெளியாயிற்று. சீர்திருத்தச் சபையின் ஊழியரான ஜெராசிம் கிரியாசி 1891இல் கோர்ச்சா நகரில் பெண்களுக்கென ஓர் அல்பேனியப் பள்ளியைத் தொடங்கினார். அவருடைய சகோதரி செவஸ்தி அதில் ஆசிரியையாய்ப் பணிபுரிந்தார். 1894இல் தமது முப்பத்தைந்தாம் வயதில் கிரியாசி இறையடி சேர்ந்தாலும், அவர் இட்ட வித்து வீண்போகவில்லை.

ஆர்த்தடாக்ஸ் மக்களிடையே இம்மொழி வேட்கை ஒரு சாவினால் வெளிப்பட்டது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹட்சன் நகரில் 1907இல் மரித்த அல்பேனியர் ஒருவருக்கு, அவர் அல்பேனியத் தேசிய உணர்வுடையவர் என்பதற்காகக் கிரேக்கக் குருவானவர் அடக்க ஆராதனை நடத்த மறுத்தார். அதன் விளைவாக, ஃபான் நோலி என்னும் இளைஞர் 1908 மார்ச்சில் குருப்பட்டம் பெற்று, அதே மாதம் 22ஆம் நாள் பாஸ்டன் நகரில் முதன்முறையாக அல்பேனிய மொழியில் திருவழிபாடு நடத்தினார். அயல்மொழியில் மட்டும் கேட்ட திருநாளைத் தாய்மொழியில் கேட்ட மக்களின் மகிழ்ச்சியை, தமிழ்த் திருமறையைக் கையில் ஏந்தும் நாம் எளிதில் உணரக்கூடும்.

1967: நாட்காட்டி பறிக்கப்படுதல்

1944 நவம்பரில் என்வர் ஹோஜாவின் தலைமையில் பொதுவுடைமையர் ஆட்சியைக் கைப்பற்றினர். குருக்கள் சிறைப்படுதலும் கொலையுண்ணுதலும் அப்போதே தொடங்கின. எர்னெஸ்ட் சிமோனி என்னும் கத்தோலிக்கக் குரு 1963 டிசம்பர் 24ஆம் நாள், கிறிஸ்து பிறப்புத் திருப்பலியை நிறைவேற்றிய பின் கைது செய்யப்பட்டார். அவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனை கட்டாய உழைப்பாக மாற்றப்பட்டது. சுரங்கத்தில் உழைத்த ஆண்டுகளில், நூலேதுமின்றி, நினைவிலிருந்தே இலத்தீன் வழிபாட்டை அவர் சொல்லிவந்தார்.

1967 பிப்ரவரி 6ஆம் நாள் ஹோஜா ஆற்றிய உரைக்குப்பின் நாடெங்கும் ஆலயங்களும் மசூதிகளும் மடங்களும் மூடப்பட்டன. அவற்றின் தொகை 2,169 எனக் கூறப்பட்டது. ஷ்கோதர்ப் பேராலயம் விளையாட்டு அரங்காயிற்று. அவ்வாண்டு நவம்பரில் சமய நிறுவனங்களுக்குச் சட்டப்படி இருந்த ஏற்பும் நீக்கப்பட்டது. 1976ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, அரசு எச்சமயத்தையும் ஏற்பதில்லை என்று 37ஆம் பிரிவில் அறிவித்தது. உலகின் முதல் நாத்திக நாடு என்று அவ்வரசு தன்னையே புகழ்ந்துகொண்டது.

கட்டடங்களை மூடியதோடு அவர்கள் நிற்கவில்லை. கிறிஸ்தவரின் லெந்து காலத்திலும் இஸ்லாமியரின் ரமலான் மாதத்திலும், நோன்பிருப்போர் விலக்கும் உணவுகளைப் பள்ளிகளிலும் தொழிலகங்களிலும் கொடுத்து, உண்ண மறுத்தவரைப் பலர் முன்னிலையில் குற்றஞ்சாட்டினர். திருநாள் என்பது உடலாலும் உணவாலும் காலத்தாலும் கைக்கொள்ளப்படுவது என்பதை, விசுவாசிகளிற் சிலரைக் காட்டிலும் அதன் பகைவர் நன்கு அறிந்திருந்தனர்.

மேடையேறிய விழா

சமயம் தடைசெய்யப்பட்ட மறு ஆண்டே, 1968இல், ஹோஜா பிறந்த ஊராகிய ஜிரோகாஸ்தரின் கோட்டையில் தேசிய நாட்டுப்புறக் கலைவிழா தொடங்கப்பட்டது என்பது நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி. 1973, 1978, 1983, 1988 என ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை அது நடந்தது. மாவட்டந்தோறுமிருந்து பாடகரும் ஆடுநரும் தத்தம் உடையணிந்து வந்து மேடையேறினர். அவ்விழா பல பாடல்களையும் ஆடல்களையும் காத்ததென்பதை மறுத்தல் நேர்மையன்று. எனினும் அங்கே வேண்டுதலுக்கு இடமில்லை; கட்சிக்கும் தலைவருக்கும் புகழ்ப்பாக்கள் இருந்தன.

ஆனால் வரலாறு விந்தையானது. அம்மேடையில் பாடப்பட்ட தென்னல்பேனியப் பல்குரற் பாடலில், மற்றக் குரல்களைத் தாங்கி இடையறாது ஒலிக்கும் அடிக்குரலுக்கு ‘இசோ’ என்று பெயர். அச்சொல் பைசாந்தியத் திருச்சபை இசையின் ‘இசொன்’ என்பதோடு தொடர்புடையது. ஆலயங்களைப் பூட்டிய அரசு ஏற்படுத்திய மேடையிலே, ஆலயத்தின் சொல் ஒன்று பாட்டின் அடியில் ஒலித்துக்கொண்டிருந்தது. இப்பாடல் மரபை யுனெஸ்கோ 2005இல் மனிதகுலத்தின் அரிய மரபாக அறிவித்து, 2008இல் தன் பட்டியலில் சேர்த்தது.

இல்லத்தில் எஞ்சியவை

பொதுவெளியில் மறைந்த திருநாள் வீட்டிற்குள் சுருங்கிற்று. மூடிய கதவுகளுக்குப்பின் முட்டைகளுக்குச் சாயமிட்ட குடும்பங்கள் இருந்தன. லாச் குன்றின் ஆலயம் இடிக்கப்பட்ட பின்பும் அவ்விடத்தை நாடி மறைவாய்ச் சென்றவர் உண்டு. அரசு ஏற்ற புத்தாண்டு நாளோ, மரமும் விருந்தும் இனிப்பும் குடும்பம் கூடுதலுமாய்க் கிறிஸ்து பிறப்பின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இவ்விடத்தில் நாம் நிதானித்துப் பேசவேண்டும். விசுவாசம் எவ்வித இழப்புமின்றி மறைவில் காக்கப்பட்டது என்று சொல்லிவிடுதல் எளிது. அது முழு உண்மையாகாது. 1967இல் பிறந்த குழந்தை, தடை நீங்கிய காலத்தில் இருபத்துமூன்று வயதினராய் இருந்தது. அதற்குச் சிவப்பு முட்டை தெரிந்திருக்கலாம். வெறுமையான கல்லறையைப்பற்றி ஒருவரும் சொல்லியிராமல் இருக்கலாம். சொன்னால் குழந்தை பள்ளியில் உளறிவிடுமோ என்று பெற்றோர் அஞ்சியது நியாயமே. இவ்வாறு அடையாளம் தங்கிற்று, அதன் பொருளோ பல வீடுகளில் மங்கிற்று. மேடையில் பாட்டு வேண்டுதலை இழந்தது. இல்லத்தில் சடங்கு விளக்கத்தை இழந்தது.

மீண்டு வந்த திருநாட்கள்

ஹோஜா 1985இல் மரித்தார். 1990 நவம்பர் 4ஆம் நாள் ஷ்கோதர் நகரின் கல்லறைத் தோட்டத்தில், சிறையில் நெடுங்காலம் வாடிய சீமோன் யூபானி என்னும் குரு வெளியரங்கமாகத் திருப்பலி நிறைவேற்றினார். ஆலயம் இல்லாமையால் மக்கள் கல்லறைகளிடையே கூடினர். அதே மாதம் அந்நகரின் மசூதியிலும் தொழுகை மீண்டும் நடந்தது. 1991 ஜூலையில் கிரேக்க நாட்டு அனஸ்தாசியோஸ் அங்கு வந்து, மறு ஆண்டில் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் பேராயரானார். 2025 ஜனவரியில் மரிக்கும்வரை அப்பணியில் நிலைத்திருந்தார். ஆலயங்கள் இடிபாடாய்க் கிடந்தபோதே, 1992இல் துர்ரஸ் நகரில் அவர் ஓர் இறையியற் பள்ளியைத் தொடங்கினார் என்பது இறையியற் கல்வியில் ஈடுபட்டோர் கவனிக்கத்தக்கது. மணியோசை திரும்பிவிட்டால் மட்டும் போதாது, அது எதற்காக ஒலிக்கிறதென்று கற்பிப்போர் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

2014 செப்டம்பரில் திரானா நகரில் போப்பு பிரான்சிஸ் முன்னிலையில் முதியவரான சிமோனி தம் வரலாற்றைச் சொன்னார். 2016இல் அவர் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். கொல்கத்தாவில் ஊழியம் செய்த அன்னை தெரேசா அல்பேனியக் குடும்பத்திற் பிறந்தவர். செப்டம்பர் 5 அவர் பெயரால் அந்நாட்டில் விடுமுறையாய் இருக்கிறது. பெயர் சொல்லவும் தடையிருந்த நாட்டில் ஒரு கன்னியர் பெயரால் பொதுநாள்!

நமக்குரிய படிப்பினை

சீர்திருத்த மரபினராகிய நாம் நாட்களைக்குறித்து ஐயத்தோடு பேசப் பழகியவர்கள். நாட்களையும் பண்டிகைகளையும் குறித்து ஒருவரும் நம்மைக் குற்றப்படுத்தலாகாது என்று கொலோசெயருக்கு எழுதப்பட்டதை நாம் அறிவோம். ஆயினும் யாத்திராகமம் 12ஆம் அதிகாரம் மற்றோர் உண்மையைக் காட்டுகிறது. பஸ்காவின் ஒழுங்கில், ஆட்டுக்குட்டியும் புளிப்பில்லா அப்பமும் இருப்பதோடு, பிள்ளை எழுப்பும் கேள்வியும் பெற்றோர் தரும் மறுமொழியும் இடம்பெறுகின்றன. கேள்வியும் மறுமொழியும் அங்கே பண்டிகையின் உறுப்புகளே.

அல்பேனிய அரசு கட்டடங்களை எடுத்துக்கொண்டது. அவை திரும்பக் கட்டப்பட்டன. நாட்களை நீக்கிற்று, அவை நாட்காட்டிக்குத் திரும்பின. ஆனால் பிள்ளைக்குச் சொல்லப்படாமற்போன மறுமொழியை மீட்பதே அங்குள்ள சபைகளுக்கு நெடும்பணியாயிற்று. நம்மை ஒருவரும் தடுக்கவில்லை. நட்சத்திர விளக்கைக் கட்டுகிறோம், குருத்தோலை ஏந்திப் பவனி போகிறோம், அறுப்பின் பண்டிகையில் விளைபொருளை ஏலமிடுகிறோம். இவற்றின் பொருளை நம் பிள்ளைகள் கேட்கிறார்களா, கேட்டால் விடையளிக்க நாம் ஆயத்தமாயிருக்கிறோமா என்று ஒவ்வொரு சபையும் தன்னைச் சோதித்தறியட்டும். தடையினால் அல்பேனியர் இழந்ததை, தடையேதுமின்றி நாம் இழந்துவிடலாகாது.