கம்பிக் கோலமும் வளையப் பரப்பும்
கம்பிக் கோலம் என்பது வரிசையாக இட்ட புள்ளிகளைச் சுற்றி, கோடு எங்கும் அறுபடாமல் வளைத்து வரையும் கோல வகை. சிக்குக் கோலம் என்றும் இதைச் சொல்வர். தைப்பொங்கலன்று முற்றத்தில் கோலமிட்டுப் பானை வைப்பது தமிழ் வீடுகளின் வழக்கம். இந்தக் கோல வகையை அழகுக்காக மட்டும் பார்ப்பது போதாது. அதற்குள் ஒரு நல்ல கணிதப் புதிர் இருக்கிறது. இத்தனை வரிசைப் புள்ளிகளுக்கு எத்தனை கம்பி, அதாவது அறுபடாத கோடு, வேண்டும்? தட்டைத் தரையில் எழும் இந்தக் கேள்வியும், உளுந்து வடையைப் போல நடுவில் துளையுள்ள வளையப் பரப்பில் ஓடும் நேர்கோடுகள் பற்றிய கேள்வியும் ஒன்றுதான். ஒரு புதிர் எது என்பதை அது அமர்ந்திருக்கும் பரப்பு முடிவுசெய்வதில்லை, அதன் விதிகளே முடிவுசெய்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழர் கையருகில் வேறில்லை.

வரிசைக்கு ஐந்து வீதம் மூன்று வரிசையில் புள்ளி வைத்துப் பார்க்கலாம். அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு நடுவே கோடு சாய்வாகக் கடக்கும். ஓரப் புள்ளியைத் தாண்டியதும் வளைந்து உள்ளே திரும்பும். 22 இடங்களில் தன்னையே வெட்டிக்கொண்டு, எல்லாப் புள்ளிகளையும் சுற்றி, ஒரே கம்பி தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். மூன்றுக்கு மூன்று என்று வைத்தாலோ ஒரு கம்பி போதாது, மூன்று வேண்டும். நான்குக்கு ஆறு என்றால் இரண்டு. இரு எண்களின் பொதுக் காரணிகளுட் பெரியது எதுவோ அதுவே கம்பிகளின் எண்ணிக்கை. காரணம் ஓரத்தில் இருக்கிறது. ஓரத்தில் கோடு திரும்புவதற்குப் பதிலாக, ஓரத்தைக் கண்ணாடியாகக் கொண்டு செவ்வகத்தையே மறுபுறம் பிரதிபலித்தால், கோடு வளையாமல் நேரே போகும். நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை பிரதிபலித்து, நான்கு பிரதிகளின் எதிரெதிர் விளிம்புகளை ஒட்டினால் கிடைப்பது வளையப் பரப்பு. அதில் ஒரே சாய்வில் ஓடும் கோடுகள் பொதுக் காரணிகளுட் பெரியதைப் போல இருமடங்கு. தரையிலுள்ள ஒவ்வொரு கம்பியிலும் முன்னும் பின்னுமாக இரு திசைகளில் போகலாம் என்பதால் அந்த எண் பாதியாகிறது.

இது தமிழ் முற்றத்தோடு நிற்பதில்லை. அங்கோலாவின் சொக்வே மக்கள் மணலில் புள்ளியிட்டு வரையும் சோனா ஓவியங்களிலும் இதே விதி இருப்பதை மொசாம்பிக்கில் பணியாற்றிய கணிதவியலாளர் பவுலஸ் கெர்டஸ் காட்டினார். தமிழர் கோலங்களையும் ஆராய்ந்தார். அதற்கு முன்பே, 1974இல், கிஃப்ட் சிரோன்மணி, ராணி சிரோன்மணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் கோலங்களைக் கணினியியலில் பயன்படும் இலக்கண விதிகளாக எழுதிக் கட்டுரை வெளியிட்டனர்.

எர்னோ ரூபிக் அதே 1974இல் உருவாக்கிய, பக்கங்களைத் திருகித் தீர்க்கும் கனசதுரப் புதிரின் வழித்தோன்றல்களிலும் இத்தகைய ஒப்புமை உண்டு. பைராமார்ஃபிக்ஸ் என்னும் புதிர் பார்வைக்கு நான்முகி. உள்ளே இருப்பது பக்கத்துக்கு இரண்டு கட்டைகள் கொண்ட சிறிய கனசதுரத்தின் பொறியமைப்பே. கனசதுரத்தின் எட்டு மூலைகளில் ஒன்றுவிட்டொன்றான நான்கு, நான்முகியின் முனைகளாக நீண்டுவிட்டன. மற்ற நான்கும் முகங்களின் நடுவே அமர்ந்துவிட்டன. இரண்டும் ஒன்றென்றால் நிலைகளின் எண்ணிக்கை ஏன் வேறுபடுகிறது என்று கேட்பது நியாயமே: சிறிய கனசதுரத்துக்கு 36,74,160, நான்முகிக்கு 1,36,080. ஒரே நிறமுள்ள முகநடுத் துண்டு தன்னிடத்திலேயே சுழன்றிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. 27 நிலைகள் ஒன்றாகவே தோன்றும். முதல் எண்ணை 27ஆல் வகுத்தால் இரண்டாவது மீதியின்றிக் கிடைக்கிறது. ஆகவே இந்த வேறுபாடு ஒப்புமையை உடைக்கவில்லை. மறைந்தது எது, மறையாதது எது என்று கணக்காகவே சொல்லிவிடுகிறது.

கோலத்தில் எதுவும் திருகப்படுவதில்லையே, அதைக் கனசதுரத்தோடு எப்படி ஒப்பிடுவது என்ற மறுப்பு இதைவிட வலுவானது. ஆனால் கம்பிகள் வெட்டும் ஓரிடத்தைத் திறந்து, இரு கோடுகளும் தொடாமல் விலகிப்போகும்படி வரையலாம். அந்தச் சிறு சதுரத்தைக் கால் சுற்று திருப்பினால், விலகும் திசை மாறிய இன்னொரு வடிவம் கிடைக்கும். இருவேறு கம்பிகள் சந்திக்கும் வெட்டைத் திறந்தால் இரண்டும் எப்போதும் ஒன்றாகும். எனவே மூன்றுக்கு மூன்று கோலத்தின் 12 வெட்டுகளில் தகுந்த இரண்டைத் திறந்தால் போதும், மூன்று கம்பிகளும் ஒற்றைக் கம்பியாகிவிடும். ஒப்புமையின் எல்லையும் இங்கேதான் வருகிறது. வெட்டைத் திறந்ததும் வளையப் பரப்பில் கோடு நேராக ஓடாது, காரணி விதியும் செல்லாது. மேலும், கோலத்தில் எந்த வெட்டை முதலில் திறந்தாலும் முடிவு ஒன்றே. கனசதுரத்தில் வலப்பக்கத்தைத் திருகிவிட்டு மேற்பக்கத்தைத் திருகுவதும், மேற்பக்கத்தைத் திருகிவிட்டு வலப்பக்கத்தைத் திருகுவதும் வெவ்வேறு நிலைகளில் கொண்டுபோய் விடுகின்றன.