வேகத்துக்குப் போட்ட இரண்டாவது வயர்

ஒரு சேர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்ட் இருந்தா, ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்றும். ஆனா லினக்ஸில் இந்தக் கதை வேகத்தில்தான் தொடங்கினது. 1994இல் நாசாவின் கொடார்ட் மையத்தில் தோமஸ் ஸ்டேர்லிங்கும் டொனால்ட் பெக்கரும் 16 சாதாரண 486 கணினிகளை இணைத்து ‘பெயோவுல்ஃப்’ கட்டினார்கள். செக்கனுக்கு 10 மெகாபிட் ஈதர்நெட் அதுக்குப் போதேல்லை. ஆகவே ஒவ்வொன்றிலும் இரண்டு கார்ட். இரண்டையும் சேர்த்துப் பாவிக்கப் பெக்கர் மென்பொருள் எழுதினார்.

அதிலிருந்து வளர்ந்த ‘பொண்டிங்’கில் பிறகு இன்னொரு முறையும் வந்தது. ஒரு கார்ட் வேலை செய்யும், மற்றது சும்மா காத்திருக்கும். இணைப்பு அறுந்தால் அது பொறுப்பெடுக்கும்.

இரண்டு வயரும் ஒரே சுவிட்சுக்குப் போனால்? சுவிட்ச் செத்தால் இரண்டும் சேர்ந்தே சாகும். மாற்றுவழி எண்டு நம்ப முதல், அது எங்க போய் முடியுதெண்டு பாக்கோணும்.