மலேரியாவுக்கு எதிராகப் பூஞ்சைக்கொல்லி மருந்துகள்

படர்தாமரை, சேற்றுப்புண் போன்ற பூஞ்சைத் தொற்றுகளுக்கான மருந்துகள் மலேரியா ஒட்டுண்ணியையும் கொல்லுமா என்னும் ஆய்வு, குளோரோகுயினுக்கு அடங்காத பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் பரவியபோது சூடுபிடித்தது. 1981இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அத்தகைய ஒட்டுண்ணியின்மீது இமிடசோல், பாலியீன் ஆகிய இரு வகைப் பூஞ்சைக்கொல்லிகளையும் சோதித்தது.

சோதனைக்கு வழி திறந்தவர்கள் டிரேகர், ஜென்சன் என்னும் ஆய்வாளர்கள். 1976இல் இவர்கள் ஒட்டுண்ணியை மனிதச் சிவப்பணுக்களில் தொடர்ந்து வளர்த்துக் காட்டினர். மெழுகுவத்தி எரித்து ஆக்சிஜனைக் குறைத்த மூடிய சாடியே அதற்குப் போதுமாயிருந்தது. இன்று குழித்தட்டுகளில் பல செறிவுகளில் மருந்தைக் கலந்து, 48 மணி நேரச் சுற்று முடிந்தபின் வளர்ச்சியை அளக்கிறார்கள். முதிர்ந்த சிவப்பணுவில் டி.என்.ஏ. கிடையாது. ஆகவே டி.என்.ஏ.வில் ஒட்டி ஒளிரும் சாயம் காட்டுவது ஒட்டுண்ணியைத்தான்.

இத்துறையின் வியப்பே க்ளோட்ரிமசோல்தான். அது சேர்ந்த அசோல் வகை மருந்துகள் பூஞ்சையின் எர்கோஸ்டெரால் உற்பத்தியைத் தடுப்பவை. மலேரியா ஒட்டுண்ணியோ ஸ்டெராலைத் தானே ஆக்குவதில்லை; தடுக்கப்பட வேண்டிய நொதியே அதனிடம் இல்லை. இருந்தும் 2000இல் வெளியான ஆய்வில், 0.2 முதல் 1.1 மைக்ரோமோலார் செறிவிலேயே வளர்ச்சி பாதியாகக் குறைந்தது. ஈமோகுளோபினைத் தின்னும் ஒட்டுண்ணி, மிஞ்சும் ஈம் என்னும் நஞ்சைப் படிகமாக்கித்தான் பிழைக்கிறது. க்ளோட்ரிமசோல் அந்த ஈமைப் பற்றிக்கொள்வதாகப் பின்னர் தெரியவந்தது. குளோரோகுயின் தாக்குவதும் ஈமைத்தான். ஆனால் எதிர்ப்புப் பெற்ற ஒட்டுண்ணி ஈமை மாற்றிக்கொள்வதில்லை, குளோரோகுயினை வெளியேற்றிவிடுகிறது. அதனால் அத்தகைய வகைகளும் க்ளோட்ரிமசோலுக்குப் பணிந்தன. எனினும் வாய்வழி உட்கொண்டால் இம்மருந்து கல்லீரல் நொதிகளைத் தூண்டித் தன்னையே விரைவில் சிதைத்துக்கொள்கிறது. களிம்பாகவே அது நிலைத்ததற்கு இது ஒரு காரணம்.

குடுவைக்கும் உடலுக்கும் உள்ள தொலைவை கிரிசியோஃபல்வின் என்னும் பூஞ்சைக்கொல்லி இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. ஈம் ஆக்கத்தின் கடைசிப் படியிலுள்ள நொதியை இது மறைமுகமாக முடக்குகிறது. 2017இல் வெளியான ஆய்வில், மருந்தை உண்டவர்களிடம் எடுத்த இரத்தத்தில் ஒட்டுண்ணி வளரத் திணறியது. ஆனால் கட்டுப்பாட்டுடன் மலேரியா தொற்றச் செய்யப்பட்ட தன்னார்வலர்களிடம் அதே மருந்து பயன் தரவில்லை. உடலைத் தொற்றுக்குக் கொடுத்த அவர்களாலேயே இந்த உண்மை கிடைத்தது. நம்பிக்கையூட்டிய முடிவைப் போலவே இதையும் மதிக்க வேண்டும். பின்னர் 2022இல் இந்திய ஆய்வாளர்கள், மூளை மலேரியா கண்ட சுண்டெலிகளை கிரிசியோஃபல்வின் காப்பதாகக் கண்டனர். அங்கும் குறி ஒட்டுண்ணியின் ஈம் ஆக்கமே.