எரிபொருளா, சாலையா, சுமையா? மைசூரு வழித்தடங்களில் பிக்-அப் வாகனங்களின் மைலேஜைத் தீர்மானிப்பவை எவை?

மைசூரு: நஞ்சன்கூடு சாலையில் உள்ள பண்டிபாளையா வேளாண் விளைபொருள் சந்தையிலிருந்தும், குண்டலுப்பேட்டை, சாமராஜநகர் பகுதிகளிலிருந்தும் காய்கறி ஏற்றிச் செல்லும் பிக்-அப் வாகனங்களுக்கு நான்கு முக்கியத் திசைகள் உள்ளன. பெங்களூருவுக்கு விரைவுச் சாலை, உதகைக்கு மலையேற்றம், கோழிக்கோட்டுக்குத் தாமரைச்சேரி மலைப்பாதை, சத்தியமங்கலம் வழியாகக் கோவைக்குத் திம்பம் மலைப்பாதை. ஒரே வாகனம், ஒரே ஓட்டுநர், ஒரே எரிபொருள் என்றாலும் இந்த நான்கு வழிகளிலும் மைலேஜ் ஒன்றாக இருப்பதில்லை.

பெரும்பாலும் ஒரு நடைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வாடகை பேசப்படுகிறது. எனவே வழியில் கூடுதலாகச் செலவாகும் ஒவ்வொரு லிட்டரும் வாகன உரிமையாளரின் வருவாயிலிருந்தே கழிகிறது. மைலேஜ் எவற்றால் கூடுகிறது, எவற்றால் குறைகிறது என்பதை அறிவது இத்தொழிலில் இருப்போருக்கு வாழ்வாதாரம் சார்ந்த தேவையாகும்.

எரிபொருள்களை ஒப்பிடும் முறை

தமிழகத்தில் 'குட்டி யானை' என்று அழைக்கப்படும் சிறிய சரக்கு வாகனங்கள் பெட்ரோல், டீசல், சி.என்.ஜி. ஆகிய மூன்று வகைகளிலும் கிடைக்கின்றன. ஒன்றரை டன் அளவுக்குச் சுமை ஏற்றும் பெரிய பிக்-அப் வாகனங்களில் டீசலே அதிகம் பயன்படுத்தப்படுகிறது.

ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் ஆற்றலும், ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றலும் உள்ளன. டீசல் என்ஜின் அதிக அழுத்தத்தில் இயங்குவதால், பெட்ரோல் என்ஜினைவிட எரிபொருளின் ஆற்றலில் கூடுதல் பங்கை இழுவையாக மாற்றுகிறது. இவ்விரு காரணங்களால் சுமை வண்டிகளில் டீசலின் மைலேஜ் கூடுதலாக உள்ளது.

சி.என்.ஜி. லிட்டர் கணக்கில் அல்லாமல் கிலோ கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு கிலோ சி.என்.ஜி.யில் உள்ள ஆற்றல் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். ஆகவே, 'கிலோவுக்கு இத்தனை கி.மீ.' என்ற எண்ணை 'லிட்டருக்கு இத்தனை கி.மீ.' என்ற எண்ணுடன் நேரடியாக ஒப்பிடுவது பிழையான முடிவையே தரும். எரிபொருளின் விலையை மைலேஜால் வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் செலவு தெரியவரும். அதுவே சரியான ஒப்பீடு.

எத்தனால் கலப்பின் தாக்கம்

20 சதவீத எத்தனால் கலந்த இ-20 பெட்ரோல் விற்பனையை, 2023 பிப்ரவரி 6 அன்று பெங்களூருவில் நடைபெற்ற இந்திய எரிசக்தி வார விழாவில் பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்தார். எத்தனாலின் ஆற்றல் லிட்டருக்குச் சுமார் 21 மெகாஜூல் மட்டுமே. இதனால் இ-20 எரிபொருளின் ஆற்றல், கலப்பில்லாத பெட்ரோலைவிட ஏறத்தாழ 7 சதவீதம் குறைகிறது.

ஆனால், இந்தக் குறைவு எல்லா வாகனங்களிலும் ஒரே அளவில் வெளிப்படுவதில்லை. கலப்பில்லாத பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டு, 10 சதவீதக் கலப்புக்கு ஏற்பச் சீரமைக்கப்பட்ட நான்கு சக்கர வாகனங்களில் 6 முதல் 7 சதவீதமும், 10 சதவீதக் கலப்புக்காக வடிவமைக்கப்பட்டு 20 சதவீதக் கலப்புக்கு ஏற்பச் சீரமைக்கப்பட்டவற்றில் 1 முதல் 2 சதவீதமும் எரிபொருள் திறன் குறையக்கூடும் என்று 2021-ஆம் ஆண்டு வெளியான நிதி ஆயோக் அறிக்கை மதிப்பிட்டது.

எடுத்துக்காட்டாக, லிட்டருக்கு 15 கி.மீ. தரும் வாகனம் 14 கி.மீ. தரத் தொடங்கினால், மாதம் 3,000 கி.மீ. ஓடும்போது 200 லிட்டருக்குப் பதிலாக 214 லிட்டர் தேவைப்படும்.

மலையேற்றமும் சுமையின் திசையும்

கடல் மட்டத்திலிருந்து மைசூரு சுமார் 770 மீட்டர் உயரத்திலும், உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும் அமைந்துள்ளன. சுமையுடன் சேர்த்து 3 டன் எடையுள்ள டீசல் பிக்-அப் இந்த உயர வேறுபாட்டைக் கடக்க மட்டும் ஏறத்தாழ மூன்றரை லிட்டர் டீசல் செலவாகிறது. எரிபொருளின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சென்றடைகிறது என்ற அடிப்படையிலான கணக்கு இது. சமதளத்தில் அதே தொலைவை ஓடுவதற்கான செலவு இதில் சேராது. 1,700 கிலோ எடையுடன் வெறுமையாக ஏறினால் இந்தச் செலவு சுமார் 2 லிட்டராகக் குறைகிறது.

ஆகவே, சுமை எந்தத் திசையில் செல்கிறது என்பது முக்கியமாகிறது. உதகைக்குச் செல்லும் வாகனம் சுமையுடன் ஏறுகிறது. 9 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட தாமரைச்சேரி மலைப்பாதையிலும், 27 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட திம்பம் மலைப்பாதையிலும் மைசூரு வாகனங்கள் சுமையுடன் இறங்கி, பெரும்பாலும் வெறுமையாக ஏறுகின்றன. திரும்பும்போதும் சுமை கிடைத்தால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். வாடகை பேசும்போது கிலோமீட்டரை மட்டும் கணக்கிடாமல் இந்த வேறுபாட்டையும் சேர்த்துக் கணக்கிடுவது அவசியம்.

உயரம் கூடும்போது காற்றின் அடர்த்தி குறைவதால், டர்போ இல்லாத பெட்ரோல், சி.என்.ஜி. என்ஜின்களின் இழுவை குறைகிறது. ஓட்டுநர் குறைந்த கியரிலேயே நீண்ட நேரம் செல்ல நேர்கிறது. டர்போ பொருத்தப்பட்ட டீசல் என்ஜின்களில் இந்தப் பாதிப்பு குறைவு.

இறக்கத்தில் நியூட்ரல் வேண்டாம்

எரிபொருளைச் சேமிப்பதாக எண்ணி இறக்கத்தில் நியூட்ரலில் வண்டியை உருட்டும் வழக்கம் சிலரிடம் உள்ளது. இது ஆபத்தானது, பயனும் தராது. மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தப்படும் இன்றைய என்ஜின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எரிபொருள் செல்வது நின்றுவிடுகிறது. சக்கரங்களே என்ஜினைச் சுழற்றுகின்றன. நியூட்ரலில் இருந்தாலோ என்ஜின் அணையாமலிருக்க எரிபொருள் தொடர்ந்து செலவாகும். அதோடு வண்டியின் எடை முழுவதையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டியிருப்பதால், அது சூடேறிச் செயலிழக்கும் அபாயம் உண்டு.

வனச்சாலையில் வேகத்தடைகள்

பந்திப்பூர் புலிகள் காப்பகம் வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலைகளில் 2009-ஆம் ஆண்டு முதல் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை நடைமுறையில் உள்ளது. தாமதமாகப் புறப்படும் வாகனங்கள் காலை வரை காத்திருக்க வேண்டும். அல்லது ஹுன்சூர், கோணிகொப்பல், குட்டா, மானந்தவாடி வழியாக வயநாட்டுக்குச் சுற்றிச் செல்ல வேண்டும். சோதனைச் சாவடி மூடப்படும் முன் கடந்துவிட வேண்டும் என்ற அவசரமும் எரிபொருளைக் கூடுதலாகச் செலவாக்குகிறது.

வனவிலங்குகளின் பாதுகாப்புக்காக இச்சாலையில் பல இடங்களில் வேகத்தடைகள் அமைக்கப்பட்டுள்ளன. 3 டன் எடையுள்ள வாகனம் 60 கி.மீ. வேகத்திலிருந்து 20 கி.மீ. வேகத்துக்குக் குறைந்து மீண்டும் பழைய வேகத்தை எட்ட, ஒவ்வொரு முறையும் சுமார் 30 மில்லிலிட்டர் டீசல் செலவாகிறது. இவ்வாறு 30 முறை செய்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வீணாகும். தடைகளுக்கு இடையே வேகமெடுக்காமல் சீரான மிதவேகத்தில் செல்வது எரிபொருளையும் விலங்குகளின் உயிரையும் காக்கும்.

விரைவுச் சாலையில் காற்றின் எதிர்ப்பு

2023 மார்ச் 12 அன்று திறந்து வைக்கப்பட்ட 118 கி.மீ. நீள மைசூரு–பெங்களூரு விரைவுச் சாலை பயண நேரத்தை வெகுவாகக் குறைத்துள்ளது. ஆயினும், வேகம் 60 கி.மீ.யிலிருந்து 80 கி.மீ.யாக உயரும்போது வாகனத்தை எதிர்க்கும் காற்றின் விசை சுமார் 78 சதவீதம் அதிகரிக்கிறது. உயரமாக அடுக்கிய பெட்டிகளும், இறுகக் கட்டப்படாமல் படபடக்கும் தார்ப்பாயும் இதை மேலும் கூட்டுகின்றன. இந்த வேக உயர்வால் முழுப் பயணத்திலும் மிச்சமாவது அரை மணி நேரமே. அழுகும் பொருள்களுக்கு அந்த அரை மணி நேரம் தேவைப்படலாம். மற்றச் சரக்குகளுக்கு நிதானமே லாபம்.

மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் ஓட்டுவதே எரிபொருள் சிக்கனத்துக்கு ஏற்றது என்று பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சி சங்கம் பரிந்துரைக்கிறது.

நகருக்குள் கவனிக்க வேண்டியவை

தசரா நாட்களில் மைசூரு நகரின் மையப் பகுதிகளில் நெரிசல் மிகுகிறது. நின்று நின்று செல்லும்போது மைலேஜ் வெகுவாகக் குறையும் என்பதால், நகருக்குள் சரக்கு இறக்கும் தேவை இல்லாத வாகனங்களுக்கு வெளிவட்டச் சாலையே சிக்கனமானது. நீண்ட நேரம் நிற்கும் இடங்களில் என்ஜினை அணைப்பது, கிளட்ச் மீது காலை வைத்தபடி ஓட்டாமல் இருப்பது, டயர்களில் சுமைக்கேற்ற காற்றழுத்தத்தைப் பேணுவது ஆகியவையும் பலன் தரும்.

பாரத் ஸ்டேஜ்-6 டீசல் வாகனங்களின் புகைக்குழாயில் உள்ள வடிகட்டியில் சேரும் கரியை எரிக்கக் கூடுதல் எரிபொருள் செலவாகிறது. குறுகிய தொலைவு ஓட்டங்களில் மட்டுமே வண்டி பயன்படுத்தப்பட்டால் வடிகட்டி அடிக்கடி அடைபடும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட்டுவது இதைத் தவிர்க்க உதவும்.

அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் சுமை ஏற்றுவது மைலேஜைக் குறைப்பதோடு சட்டப்படி குற்றமுமாகும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி இதற்கு ரூ.20,000 அபராதமும், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000-மும் விதிக்கப்படும்.

சரியாக அளப்பது எப்படி?

எரிபொருள் நிலையத்தில் குழாய் தானாக நிற்கும் வரை தொட்டியை நிரப்பி, ஓடிய கிலோமீட்டர் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்த முறையும் அதேபோல நிரப்பி, இடையில் ஓடிய தொலைவை நிரப்பிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ் கிடைக்கும். ஒருமுறை எடுத்த அளவை மட்டும் நம்பாமல், தொடர்ந்து நான்கைந்து முறை அளப்பது நல்லது. ஒவ்வொரு முறையும் சென்ற வழி, சுமையின் எடை, திரும்பியது சுமையுடனா வெறுமையாகவா ஆகிய விவரங்களையும் எழுதி வைத்தால், அடுத்த வாடகையை எந்த வழிக்கு எவ்வளவு பேசுவது என்பதற்கு அந்தக் குறிப்பேடே ஆதாரமாக அமையும்.