டெஸ்ட் என்றால் சட்டி!

தேனிக்காரர்களுக்கு ஒரு நாளில்தான் எத்தனை டெஸ்ட்! அல்லிநகரத்தில் ஒரு வீட்டுக்குள் எட்டிப் பாருங்கள். புத்தகப் பையை மாட்டும்போதே பையன் முகம் சுருங்குகிறது, 'இன்னிக்கு மேத்ஸ் டெஸ்ட்!' அப்பாவுக்கு வெறும் வயிற்றோடு சுகர் டெஸ்ட். அண்ணனுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் பைக்கில் 'எட்டு' போட்டுக் காட்டுகிற டெஸ்ட். மாமாவுக்கோ டி.வி-யில் அஞ்சு நாள் டெஸ்ட் மேட்ச்!

தமிழில் தேர்வு, சோதனை, பரிசோதனை என்று இடத்துக்கு ஒரு வார்த்தை வைத்திருக்கிறோம். இங்கிலீஷ்காரர்கள் அத்தனையையும் ஒரே வார்த்தைக்குள் போட்டு அடைத்துவிட்டார்கள். பொருத்தம்தான். ஏனென்றால், 'டெஸ்ட்' என்பதே ஆதியில் ஒரு சட்டி!

லத்தீனில் 'டெஸ்டும்' என்றால் மண்பாத்திரம். அது பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்தது. 14-ம் நூற்றாண்டின் கடைசியில் சாஸர் எழுதிய 'கேன்டர்பரி கதைக'ளில், ரசவாதிகளின் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவே இந்தச் சட்டியும் தலைகாட்டுகிறது.

அதை வைத்து என்ன செய்தார்கள்? எலும்புச் சாம்பலைக் குழைத்துச் சின்னக் கிண்ணம் செய்வார்கள். கலப்படத் தங்கத்தோடு ஈயத்தையும் சேர்த்து, அதில் போட்டு உருக்குவார்கள். ஈயம், செம்பு போன்றவை சூட்டில் காற்றோடு கலந்து கழிவாக மாற, கிண்ணம் அதை உறிஞ்சிக்கொள்ளும். கடைசியில் மிஞ்சுவது மின்னுகிற ஒரு சின்ன உருண்டை. தங்கமும் வெள்ளியும் மட்டும்!

நாம் 'புடம் போட்ட தங்கம்' என்று மனிதர்களைச் சொல்கிறோம் இல்லையா? அதே கதைதான் அங்கேயும். 16-ம் நூற்றாண்டின் இறுதிவாக்கில், தங்கத்தைப் பார்க்கிற அந்த வார்த்தை மனிதர்களைப் பார்க்கவும் கிளம்பிவிட்டது. வில்லங்கமும் கூடவே கிளம்பியது!

முதல் வில்லங்கம்... சட்டியில் எதைத் தேடுவது? 1673-ல் இங்கிலாந்தில் 'டெஸ்ட் சட்டம்' என்றே ஒன்று வந்தது. அரசாங்கப் பதவி வேண்டுமா? இங்கிலாந்து திருச்சபையின் முறைப்படி நற்கருணை வாங்க வேண்டும். கத்தோலிக்க நம்பிக்கை ஒன்றை மறுத்துச் சத்தியமும் செய்ய வேண்டும். திறமையை யாரும் கேட்கவில்லை. மன்னர் இரண்டாம் சார்லஸின் சொந்தத் தம்பி ஜேம்ஸே கடற்படைத் தலைமைப் பதவியை விட்டு இறங்க வேண்டியதாயிற்று! அந்தச் சட்டம் ஒழிய 1828 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது... சட்டியை எங்கே வைப்பது? 1855 முதல் இந்தியாவை ஆளும் சிவில் சர்வீஸ் பதவிகளுக்குப் போட்டித் தேர்வு நடந்தது. இந்தியரும் எழுதலாம். பரீட்சை ஹால் மட்டும் லண்டனில்! கப்பலேறிப் போய் 1863-ல் முதன்முதலாகத் தேறியவர் சத்யேந்திரநாத் தாகூர், கவி ரவீந்திரரின் அண்ணன். பிறகு, 1870-களில் வயது வரம்பையும் 21-லிருந்து 19-ஆகக் குறைத்தார்கள். அந்த வயசில் கடல் கடந்து போய், அந்நிய மொழியில் எழுதி ஜெயிக்க எத்தனை வீடுகளுக்கு வசதி இருந்திருக்கும்? இந்திய மண்ணிலேயே இந்தத் தேர்வு நடக்க ஆரம்பித்தது 1922-ல்தான். கேள்வித்தாளில் குற்றமில்லை, தூரத்தில்தான் சூது இருந்தது.

மூன்றாவது... சட்டிக்குள் போனது யார்? இதற்கு லண்டன் வரை போக வேண்டாம், அல்லிநகரத்திலிருந்து க.விலக்கு வரை போனால் போதும். 2019 செப்டம்பரில், அங்குள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் ஒரு புகார் வெடித்தது. 'நீட்' எழுதியவர் ஒருவர், வகுப்பில் உட்கார்ந்திருப்பவர் இன்னொருவர் என்று! போட்டோக்கள் பொருந்தவில்லை. வழக்கு சி.பி.சி.ஐ.டி-க்குப் போனது. வேறு கல்லூரி மாணவர்கள் சிலரும், பெற்றோர் சிலரும் கைதானார்கள். ஒருவருடைய தங்கத்தை உருக்கி, இன்னொருவருடைய பித்தளைக்கு முத்திரை குத்தினால் என்ன ஆகும்? நாளைக்கு அந்த டாக்டர் முன்னால் கையை நீட்டப்போவது நீங்களும் நானும்தானே!

அதற்கு அடுத்த வருஷம், 2020-ல், அரசுப் பள்ளியில் படித்து நீட் தேறியவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு தந்து தமிழ்நாடு சட்டம் போட்டது. யோசித்தால் அதுவும் அந்த இரண்டாவது கேள்விதான். சட்டி எல்லோருக்கும் ஒரே தூரத்திலா இருக்கிறது?

தங்கத்தைத் திட்டுவதோ பயமுறுத்துவதோ அந்தச் சட்டியின் வேலையில்லை. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவதோடு சரி. சாயங்காலம் டெஸ்ட் பேப்பரோடு பிள்ளை வந்து நிற்கும்போது, 'எத்தனை மார்க்?' என்று கேளுங்கள், தப்பில்லை. கூடவே, 'எது புரியலைடா கண்ணு?' என்றும் கேட்டுப் பாருங்கள். சட்டி கண்டுபிடித்துச் சொன்ன சேதி அதில்தான் இருக்கிறது!